லாஸ்ஜிப்: இலவசம், நம்பகம், ஆனால் ஸ்கேலைப் பார்க்காமல் போடாதீர்கள்

லைடார் பாயிண்ட் கிளவுடை (லேசர் ஸ்கேனர் அளந்த கோடிக்கணக்கான புள்ளிகளின் தொகுப்பை) சுருக்க எந்த மென்பொருளை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில்: எதையும் வாங்க வேண்டாம். மார்ட்டின் ஐசன்பர்க் எழுதிய லாஸ்ஜிப் இலவசம், மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. நெதர்லாந்தின் ஏ.எச்.என். உயரத் தரவும், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ்.ஸின் தேசிய லைடார் தரவும் இதன் எல்.ஏ.இசட். வடிவத்தில்தான் பொதுவெளியில் கிடைக்கின்றன. வான்வழி ஸ்கேனை ஒரு பிட்கூட இழக்காமல் சேமித்து வைக்க இதுதான் சரியான கருவி.

லைடார் புள்ளிகளைச் சுருக்காமல் வைக்கும் பொது வடிவமான எல்.ஏ.எஸ். 1.4இல் 6ஆம் வகைப் புள்ளி ஒன்றுக்கு 30 பைட் (ஒரு புள்ளியோடு என்னென்ன விவரம் என்பதைக் குறிப்பதுதான் வகை). ஒரு கோடிப் புள்ளி என்றால் 300 எம்.பி. லாஸ்ஜிப்பில் போட்டால் பொதுவாக அதில் 7 முதல் 25 சதவீதத்துக்குள் வந்துவிடும். 7க்கும் 25க்கும் நடுவே இவ்வளவு தூரம் ஏன்? முன்னால் வந்த புள்ளிகளை வைத்து அடுத்தது எங்கே விழும் என்று ஊகித்து, ஊகம் பிசகிய அளவை மட்டும் அரித்மெடிக் கோடிங்கில் (அடிக்கடி வரும் மதிப்புக்குக் குறைந்த பிட் தரும் முறையில்) எழுதுவதுதான் இதன் வேலை. ஸ்கேனர் பதிவு செய்த வரிசையிலேயே புள்ளிகள் இருந்தால் பிசகு சிறியது, கோப்பும் சிறியது. இடையில் யாராவது வரிசையைக் கலைத்திருந்தால் ஜி.பி.எஸ். நேரமும் ஆயத்தொலைவுகளும் எகிறிக் குதிக்கும், கோப்பு வீங்கிவிடும்.

அதைவிடப் பெரிய வில்லன் ஸ்கேல். எல்.ஏ.எஸ்.ஸில் ஆயத்தொலைவு 32 பிட் முழு எண். அதை ஸ்கேலால் பெருக்கினால்தான் மீட்டர் கிடைக்கும். உயரத்தில் 5 செ.மீ. துல்லியமே சந்தேகமாக இருக்கும் தரவை 0.001 ஸ்கேலில் எழுதினால், கடைசி இலக்கம் வெறும் இரைச்சல். இரைச்சலை ஊகிக்க எந்த நிரலாலும் முடியாது. 0.01க்கு மாற்றினால் ஓர் அச்சுக்கு சுமார் 3.3 பிட் மிச்சம். மூன்று அச்சுக்கும் சேர்த்து ஒரு கோடிப் புள்ளிக்கு 12 எம்.பி.க்கு மேல் குறையும். முதலில் லாஸ்டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பில் உள்ள, எண்களின் உண்மையான துல்லியத்தைக் காட்டும் லாஸ்பிரிசிஷனை ஓட்டிப் பாருங்கள். சேமித்த முழு எண்கள் எல்லாமே ஒன்றுக்கொன்று 10இன் மடங்கு இடைவெளியிலேயே இருந்தால் அந்த இலக்கம் போலி. மாற்றினாலும் எதுவும் இழப்பதில்லை. அப்படி இல்லையென்றால் மாற்றுவது இழப்புதான். அதைத் தெரிந்தே, ஒரே ஒரு முறை, காப்பகத்துக்குப் போகும் முன் செய்யுங்கள்.

பாயிண்ட் கிளவுடைக் கையாளும் திறந்த மூலநிரல் கருவியான பி.டி.ஏ.எல். வழியாக எழுதுபவர்கள் கவனிக்க: அதன் எல்.ஏ.எஸ். எழுதியில் ஸ்கேலின் இயல்பு மதிப்பு 0.01. 'ஃபார்வர்ட்' அமைப்பை 'ஆல்' என்று கொடுக்காவிட்டால் மி.மீ. தரவு ஓசையில்லாமல் செ.மீ. ஆகிவிடும். தரவு அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருந்தாலோ கதை முடிந்தது. 0.01 டிகிரி என்பது நிலநடுக்கோட்டில் சுமார் 1.1 கி.மீ.; ஊரே ஒரு புள்ளியில் குவிந்துவிடும். டிகிரிக்கு 0.0000001 வேண்டும். "இழப்பில்லாத சுருக்கம்தானே செய்தேன்" என்று புலம்புபவர்கள் பழி போட வேண்டியது லாஸ்ஜிப்பின் மேல் அல்ல. இழப்பு அதற்கு முந்தைய படியிலேயே நடந்துவிட்டது.

கூடுதல் பைட்டுகள் (வழக்கமான விவரங்களுக்கு மேல் ஒவ்வொரு புள்ளியோடும் நாமே சேர்ப்பவை) லாஸ்ஜிப்பின் பலவீனம். அவற்றைத் தனித்தனி பைட்டாகவே பார்ப்பதால் மிதவைப்புள்ளி எண்கள் மோசமாகச் சுருங்கும். தரைக்கு மேலான உயரம் போன்றவற்றை ஸ்கேல் கொடுத்த 16 பிட் முழு எண்ணாக வைத்தால் தப்பலாம்.

புள்ளிகள் 50,000 கொண்ட துண்டுகளாக எழுதப்படுகின்றன. நடுவில் ஒரு பைட் கெட்டால் அந்தத் துண்டின் மிச்சம் குப்பையாகிவிடலாம். அடுத்த துண்டு புதிதாகத் தொடங்குவதால் பிழைக்கும். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் துண்டு அட்டவணை கோப்பின் கடைசியில் இருக்கிறது. எனவே எழுதும்போது மின்சாரம் போனால் வேண்டிய இடத்துக்குத் தாவிப் படிக்கும் வசதி போய்விடும். மூலத்தை அழிக்கும் முன் லாஸ்டூல்ஸின் லாஸ்டிஃப் கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுவிடுங்கள். வேகம் சுமார்தான், பல கோர் பயன்படுத்த வேண்டுமானால் ரஸ்ட் மொழியில் எழுதிய laz-rs இருக்கிறது.

இணையத்திலிருந்து ஒரு பகுதியை மட்டும் இழுக்க வேண்டுமா? அப்போது சி.ஓ.பி.சி. அதுவும் எல்.ஏ.இசட். கோப்புதான், உள்ளே ஆக்ட்ரீ அமைப்பு (இடத்தை எட்டெட்டுப் பெட்டியாகப் பிரிக்கும் அடுக்கு) சேர்ந்திருக்கிறது. 6, 7, 8 வகைப் புள்ளிகளை மட்டுமே ஏற்கும்.

முப்பரிமாண வடிவங்களைச் சுருக்கும் கூகுளின் டிராகோவோடு லாஸ்ஜிப்பை ஒப்பிடுவதே பொருந்தாது. டிராகோ திரையில் காட்டுவதற்கு. அதன் நிரலில் புள்ளியின் இருப்பிடத்துக்கு ஓர் அச்சுக்கு இயல்பாக 11 பிட், 1 கி.மீ. சதுரத்தில் அது சுமார் அரை மீட்டர் படிக்கட்டு. 20 பிட் கொடுத்தால் 1 மி.மீ. அருகே வரும், ஆனால் புள்ளிகளின் வரிசை மாறக்கூடும். சர்வே தரவின் ஒரே பிரதியை அதில் வைக்காதீர்கள்.

முக்காலி ஸ்கேனரில் கட்டடம் அளப்பவர்களுக்கு ஒன்று. ஸ்கேன் நின்ற இடங்கள், வரிசை–நெடுவரிசைக் கட்டம், பனோரமா படம் இவற்றுக்கு எல்.ஏ.இசட்.டில் இடமே இல்லை. அங்கே இவற்றையெல்லாம் வைத்திருக்கும் மூல ஈ57 வடிவக் கோப்பும் கூடவே இருக்கட்டும்.