4கே-யை விட 60 ஃபிரேம் மேல்: ஈரோட்டு வீட்டில் பிளேஸ்டேஷன் 5

வினாடிக்கு 60 ஃபிரேம், அதாவது திரையில் 60 தனிப் படங்கள், கிடைக்கும் வீடியோ விளையாட்டில் 4கே என்னும் கூடுதல் நுணுக்கத்துக்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஈரோட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் சில வருடங்களாகப் பிளேஸ்டேஷன் 5 என்னும் வீடியோ கேம் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. நானும் அண்ணன் மகனும் மாறி மாறி விளையாடியதில் இந்த முடிவுக்கு வந்தேன். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு.

பெரிய விளையாட்டுகள் பலவற்றில் இரண்டு முறைகள் இருக்கின்றன. குவாலிட்டி முறையில் 4கே அல்லது அதற்கு நெருக்கமான ரெசல்யூஷன் (ஒரு படத்திலுள்ள பிக்சல், அதாவது புள்ளிகளின் அளவு), 30 ஃபிரேம். பெர்ஃபாமன்ஸ் முறையில் ரெசல்யூஷன் இறங்கும், ஃபிரேம் 60 ஆகும். முழு 4கே படம் ஒன்றில் ஏறத்தாழ 83 லட்சம் பிக்சல்கள். அதைவிடக் குறைந்த 1440பி ரெசல்யூஷன் என்றால் 37 லட்சம்தான். 30 ஃபிரேமில் ஒரு படத்தை வரைய 33.3 மில்லிவினாடி அவகாசம் உண்டு. 60-ல் அது 16.7 ஆகச் சுருங்கிவிடுகிறது. பாதி நேரத்தில் முடிக்க வேண்டுமானால் வேலையைக் குறைக்கத்தானே வேண்டும்?

எங்கள் டிவி 55 அங்குலம், சோபா பத்தடி தள்ளி. அந்தத் தூரத்தில் அதைவிடவும் குறைந்த 1080பி ரெசல்யூஷனின் பிக்சலையே சாதாரணக் கண்ணால் தனித்துப் பிரித்துப் பார்க்க முடியாது. கடையில் முகத்தை ஒட்டி நின்று பார்த்து வியந்த 4கே நுணுக்கம் சோபாவுக்கு வந்து சேர்வதே இல்லை. வந்து சேர்வது வேறொன்று: புல், தலைமுடி, கம்பிவேலி போன்ற மெல்லிய பொருள்களில் தெரியும் மினுமினுப்பு. 2022-ல் வந்த ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட் விளையாட்டு பெர்ஃபாமன்ஸ் முறையில் தொடக்கத்தில் இப்படித்தான் கண்ணை உறுத்தியது. பின்னர் வந்த அப்டேட்டுகளில் நன்றாகவே தேறிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த அத்தைக்கு இரண்டு முறைகளும் ஒன்றாகவே பட்டன. கண்ட்ரோலரைப் பிடித்திருந்தவனோ 30-க்கு மாற்றிய மறுநொடியே, "சித்தப்பா, இது கனமாக இருக்கிறதுங்க" என்றான். கனம் என்பது சரியான சொல். பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் கை ஓங்குவதற்கும் இடையே கூடும் தாமதத்தை விரல்தான் முதலில் கண்டுபிடிக்கிறது.

விதிவிலக்கு 40 ஃபிரேம் முறை. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், 40 சீராகப் பொருந்தாது. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் மூன்று முறை காட்டப்பட்டுச் சரியாக அமர்ந்துவிடும். ஒரு படத்துக்கு 25 மில்லிவினாடி, அதாவது 33.3-க்கும் 16.7-க்கும் நட்டநடுவே. ராட்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் விளையாட்டுக்கு 2021-ல் இந்த முறை அப்டேட்டாக வந்தது, காட் ஆஃப் வார் ரக்னராக்கிலும் இருக்கிறது. குவாலிட்டி முறையின் அழகைப் பெரிதாக இழக்காமல் அந்தக் கனம் குறைகிறது. வாங்குபவர்கள் டிவி 120 ஹெர்ட்ஸ்தானா என்பதோடு எந்த எச்.டி.எம்.ஐ துளையில் அது கிடைக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல டிவிகளில் எல்லாத் துளைகளும் அதைத் தருவதில்லை.

எண்ணை விட நிலைத்தன்மைதான் எனக்கு முக்கியம். எல்டன் ரிங் விளையாட்டின் பிளேஸ்டேஷன் 5 பதிப்பு 60-ஐத் தொட்டும் தொடாமலும் ஊசலாடுகிறது. அதே கருவியில் பிளேஸ்டேஷன் 4 பதிப்பை நிறுவினால் இலைதழை குறைகிறது, ஆனால் 60 பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. நான் அதில்தான் ஆடுகிறேன். 2022 ஏப்ரலில் வந்த வி.ஆர்.ஆர் வசதி (ஃபிரேம் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்வது), ஃபிரேம் 48-க்கு மேல் இருக்கும்வரை ஊசலாட்டத்தை நன்றாக மறைக்கிறது. அதற்குக் கீழே போனால் அதை நம்ப முடியாது.

வெயிலைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பிளேஸ்டேஷன் 5 தன் வேகத்தை அறை வெப்பத்தை வைத்துக் கூட்டிக் குறைப்பதில்லை. சிப்பின் வேலைப்பளுவை வைத்தே முடிவெடுக்கிறது. ஆகவே உதகைக் குளிரிலும் ஈரோட்டு மே மாதத்திலும் ஃபிரேம் ஒன்றுதான். உள்ளே சுழலும் விசிறியின் இரைச்சல் மட்டும் கோடையில் கூடுகிறது. கூடத்து மின்விசிறியை ஐந்தில் வைத்தால் அதுவும் காதில் விழுவதில்லை.