சமரசமா, விசாரணையா? பணியிடப் பாலியல் புகாரில் எதைக் கேட்பது

வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லை என்பது பெண்ணின் சமத்துவ உரிமையையே பறிப்பது என்று 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையொட்டி வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடம் போகும் பெண்ணுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சமரசம், இன்னொன்று விசாரணை.

சமரசத்தின் பெரிய பலம், சீக்கிரம் முடிவது. சாட்சி, குறுக்குக் கேள்வி என்று நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: சமரசத்தைக் கேட்க வேண்டியவர் புகார் கொடுத்த பெண் மட்டுமே. "பேசி முடிச்சிக்கலாமேம்மா" என்று ஹெச்ஆர் தொடங்கினால், அது சட்டம் சொல்லும் சமரசம் இல்லை, அழுத்தம். பணம் கொடுத்து முடிப்பதையும் சட்டம் அனுமதிக்கவில்லை.

சமரசம் நிற்பதும் விழுவதும் சமரச ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான். "இனி மரியாதையாக நடந்துகொள்வேன்" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. மீறினாரா என்று யாரும் நிரூபிக்க முடியாது. "அவருடைய சொந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்ப மாட்டேன், இந்த ஆண்டு அவருடைய அப்ரைசலை வேறொருவர் செய்வார்" என்று எழுதினால் பிடி இருக்கும். எதிர்த்தரப்பு நிபந்தனையை மீறிவிட்டது என்று அந்தப் பெண் குழுவிடம் தெரிவித்தால் போதும், விசாரணைக் கதவு மறுபடி திறக்கும். மீறாதவரை அந்தப் புகாரில் விசாரணை கிடையாது.

விசாரணை நீளும், 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கெடு. முடிந்த 10 நாளில் அறிக்கை, அடுத்த 60 நாளில் நிர்வாகத்தின் நடவடிக்கை. இரு தரப்பும் குழு முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. விசாரணை நடக்கும்போது அந்தப் பெண் எழுதிக் கேட்டால், இடமாற்றமோ 3 மாதம் வரை விடுப்போ தரும்படி குழு பரிந்துரைக்கலாம். சட்டம் இந்தப் பாதுகாப்பை விசாரணைக் காலத்துக்குத்தான் சொல்கிறது, சமரசத்துக்குச் சொல்லவில்லை. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். அப்புறம், சமரசத்தில் "தவறு நடந்தது" என்ற கண்டறிதல் எதுவும் பதிவாகாது. நாளை அதே ஆள் இன்னொரு பெண்ணிடம் அதையே செய்தால், முதல் புகாரில் அவர்மேல் குற்றம் உறுதியானதாகக் காட்டப் பதிவு இருக்காது.

அதனால் என் கருத்து இது. சக ஊழியர், முதல் முறை, பேச்சு எல்லை மீறியது, தப்பை ஒப்புக்கொள்கிறார், அந்தப் பெண்ணும் அதே டீமில் நிம்மதியாக வேலை பார்க்கத்தான் நினைக்கிறார் என்றால் சமரசம் நல்ல வழி. அப்ரைசலும் பதவி உயர்வும் கையில் வைத்திருக்கும் மேலதிகாரி என்றால் வேண்டாம். அங்கே இருவரும் சமமாக உட்கார்ந்து பேசவே முடியாது. உடலைத் தொட்டிருந்தாலும் விசாரணைதான், தேவைப்பட்டால் போலீஸும். போலீஸ் புகாருக்கு உதவுவது நிர்வாகத்தின் கடமை.

எந்த வழி என்றாலும் புகாரை முதலில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கெடு, கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம்; தக்க காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டலாம். "முதலில் வாய்மொழியாகப் பேசிப் பார்ப்போம்" என்று இழுக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் கெடுவில்தான் கழிகிறது. பத்துப் பேருக்குக் குறைவான கடையோ கம்பெனியோ என்றால், அல்லது புகாரே முதலாளி மேல் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் கொடுக்க வேண்டும்.