அரைகுறை நிரலைக் காட்ட: கிளை லிங்க்கா, ஆர்.எஃப்.சி. பேட்சா?

லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு வெப்பநிலை சென்சார் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். பாதிதான் ஆகியிருந்தது. லாக்கிங் (ஒரே தரவை இரண்டு இடம் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டு) சரியா என்று கேட்டுவிட்டு மேலே போகலாமென்று, என் கிட் கிளையின் (நிரல் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியில் என் தனி வரிசை) லிங்க்கை அனுப்பி "கொஞ்சம் பாருங்கள்" என்றேன். பத்து நாளாகியும் பதில் இல்லை. அப்புறம் அதே நிரலை ஆர்.எஃப்.சி. பேட்சாக, அதாவது சேர்க்கச் சொல்லாமல் கருத்து மட்டும் கேட்கும் நிரல் மாற்றமாக, மெயிலில் அனுப்பினேன்.

லிங்க்கின் வசதி தெரிந்ததுதான்: ஒரே வரியில் வேலை முடிந்தது. நாற்பது பேட்ச் உள்ள தொடரை இழுத்து ஓட்டிப் பார்க்கிறவருக்கு அதுதான் தோது.

ஆர்.எஃப்.சி.க்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பேட்சை இணைப்பாக வைக்காமல், வெறும் எழுத்தாக மெயிலுக்குள்ளேயே அனுப்ப வேண்டும். கவர் லெட்டரில் (பேட்சுக்கு முன் வரும் அறிமுக மெயில்) மூன்று விஷயம் சொன்னேன்: சஸ்பென்ட் (கணினி தூங்கப் போகும்போது சாதனத்தை நிறுத்தும் பகுதி) இன்னும் எழுதவில்லை, ஒரே போர்டில்தான் ஓட்டிப் பார்த்தேன், லாக்கிங் மட்டுமே கேள்வி. மூன்றாம் நாள் ஒருவரிடமிருந்து பதில் வந்தது. என் நான்கு வரியை எடுத்துப் போட்டு, அடியில்: "ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு ஐ2சி-யில் படிக்கிறீர்கள். அந்த அழைப்பு தூங்கும். மியூட்டெக்ஸ் போடுங்கள்." ஐ2சி என்பது சென்சாரோடு பேசும் கம்பி வழி. ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருக்கும்போது நிரல் தூங்கக் கூடாது; மியூட்டெக்ஸ் என்ற பூட்டில் தூங்கலாம். என் போர்டில் இந்தப் பிழை ஒருமுறைகூட சிக்கவில்லை. அதைக் காட்டிக்கொடுக்கும் டீபக் கான்ஃபிகை நான் போட்டிருக்கவே இல்லை என்பது வேறு கதை.

ஆனால் என்னை ஆர்.எஃப்.சி. பக்கம் சாய்த்தது இரண்டாம் பதிப்புதான். கிளையில் திருத்தி, ரீபேஸ் செய்து (மாற்றங்களைப் புதிதாக அடுக்கி), ஃபோர்ஸ் புஷ் அடித்தால் (பழையதன் மேலேயே ஏற்றினால்) பழைய கமிட்டுகள், அதாவது முன்பு பதிவான மாற்றங்கள், கிளையிலிருந்து போய்விடும். போன வாரம் அரை மணி நேரம் செலவழித்துப் படித்தவர், எது மாறியது என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். மெயிலில் வி1 அப்படியே கிடக்கிறது. வி2-வில் '---' கோட்டுக்குக் கீழே "ஸ்பின்லாக் போய் மியூட்டெக்ஸ்" என்று எழுதினால் போதும். பேட்சைச் சேர்க்கும்போது அந்தப் பகுதி கமிட்டில் ஏறாது. 2018-இல் கிட் 2.19-உடன் வந்த ரேஞ்ச்-டிஃப்பின் (இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் கட்டளை) வெளியீட்டையும் கவர் லெட்டரில் ஒட்டிவிட்டேன். அன்று மாலையே, லாக்கிங் பிழையைச் சொன்னவர் பதில் போட்டார்.

இன்னொரு சௌகரியம், நெட்வொர்க்கிங் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு. மெர்ஜ் விண்டோ (அடுத்த கெர்னல் பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) நடக்கும் சுமார் இரண்டு வாரம் நெட்-நெக்ஸ்ட் (புது நெட்வொர்க்கிங் வசதிகள் சேரும் கிளை) மூடியிருக்கும், புது வசதிகளை அனுப்ப முடியாது. ஆர்.எஃப்.சி.யை அப்போதும் அனுப்பலாம்.

கிட்ஹப் 2019-இல் கொண்டுவந்த டிராஃப்ட் புல் ரிக்வெஸ்ட் (இன்னும் முடியவில்லை என்று குறித்து அனுப்பும் மாற்றம்) இந்த இரண்டுக்கும் நடுவில். முடியாத வேலையை யாரும் தவறி மெர்ஜ் செய்ய முடியாது, வரிக்கு வரி கருத்தும் சொல்லலாம். ஒரு சின்ன பைத்தான் லைப்ரரிக்கு ஒருமுறை போட்டேன், நன்றாகவே இருந்தது. நூறு பேர் வேலை செய்யும் திட்டத்தில் எப்படியிருக்கும் என்று சொல்ல அந்த ஒரு அனுபவம் போதாது.

சஸ்பென்டை எழுதி முடித்ததும் தலைப்பிலிருந்து ஆர்.எஃப்.சி.யை எடுத்துவிட்டேன். கிளை லிங்க்கையும் ஒவ்வொரு கவர் லெட்டரின் கடைசி வரியில் போட்டிருந்தேன்; அதை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.