ஒகேனக்கல் மீன் கடைகள்: ருசி நன்று, பெயர்தான் சரியில்லை

ஒகேனக்கல் மீன் கடைகளில் சமையலுக்குக் குறை சொல்ல முடியாது. மீனை நாமே பொறுக்கிக் கொடுக்கலாம். கண்ணெதிரே செதில் சீவி, கழுவி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது தடவி வறுத்துத் தருகிறார்கள். சொன்னால் குழம்பும் வைப்பார்கள்; ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்ள வேறெதுவும் வேண்டாம். ருசிக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆனால் ‘ஆத்து மீன்’ என்று கூவி விற்பதில் பெரும்பகுதி கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி (திலாப்பியா) மீன்கள்தான். முதல் மூன்றும் வடநாட்டு ஆறுகளின் மீன்கள். அணைகளில் குஞ்சாக விட்டு வளர்ப்பதால் வலைக்கு வருகின்றன. ஜிலேபி ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது; 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. காவிரியின் சொந்த மீன்களான சேல் கெண்டையும் கருமுழிக் கெண்டையும் தட்டில் அரிதாகிவிட்டன. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மஹசீர் என்ற பெரிய கெண்டை இனம், 2018-இல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. ஆற்றில் இருப்பதுதான் கடைக்கு வரும்.

கெண்டை இனங்கள் புதுவெள்ளத்தை நம்பி முட்டையிடுபவை. மேலே கிருஷ்ணராஜசாகரும் கபினியும் தண்ணீரைப் பிடித்து வைத்துத் திறப்பதால் வெள்ளம் தாமதமாக வருகிறது, சட்டென்று வடிந்தும் விடுகிறது. கரையோரம் இட்ட முட்டை காய்ந்துபோகும். கீழே 1934 முதல் மேட்டூர் அணை மீன் ஏறிவரும் வழியை அடைத்து நிற்கிறது. கோடையில் மீன்கள் ஒதுங்கும் மடுக்களில் வெடிமருந்துத் தோட்டா போட்டு வெடித்தால் தாய்மீனும் குஞ்சும் சேர்ந்தே சாகும். சின்னக் கண்ணி வலை முட்டையிடும் வயது வரும் முன்பே அள்ளிவிடும். ஜிலேபிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு: தாய் முட்டையை வாயிலேயே அடைகாக்கும், ஆண்டுக்குப் பலமுறை குஞ்சு பொரிக்கும், வெள்ளத்துக்குக் காத்திருக்காது. கிருஷ்ணகிரிப் பக்கம் தென்பெண்ணையில் சிக்கல் வேறு. பெங்களூரின் கழிவு கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் செத்து மிதக்கிறது.

அதனால் ஒகேனக்கல்லில் ஜிலேபியையே கேளுங்கள். எவ்வளவு பிடித்தாலும் ஆற்றுக்கு நட்டமில்லை. கெண்டைபோல் சதைக்குள் சிறுமுள் அதிகம் இல்லை, முள்ளைப் பார்த்து எடுத்துவிட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். சேற்று வாடை குறைய வயிற்றின் உட்பக்கக் கருஞ்சவ்வை முழுக்க உரிக்கச் சொல்லி, கல் உப்பும் எலுமிச்சையும் தேய்த்துக் கழுவ வேண்டும். அவசரத்தில் பல கடைகள் இதை விட்டுவிடுகின்றன. வயிறு உப்பிய சினைக் கெண்டையை விலை குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். செவுள் சிவப்பாக, கண் பளபளப்பாக இருக்க வேண்டும். செவுள் பழுப்பேறிக் கண் குழிந்திருந்தால் ஐஸ் பெட்டியில் நாள்பட்டது. எண்ணெய் கறுத்து நுரைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். சுத்தம் செய்யும் முன் எடையா, செய்த பின் எடையா என்பதையும், வறுவல் கூலி தனியா என்பதையும் மீன் வெட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.