பழைய பாப்காட்டுக்குக் கப்ளர் வாங்கப் போகிறீர்களா? 18,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் வரை பொறுத்துப் பார்த்தேன். கப்ளரை விற்றவனுக்கு அனுப்பிய கடைசி மெசேஜுக்கும் நீல டிக் விழுந்ததோடு சரி. 18,500 ரூபாய். அடுத்தவராவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

என்னுடையது 2008 மாடல், வெளிநாட்டிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்த ஸ்கிட் ஸ்டியர், அதாவது முன்னால் வேறு வேறு கருவி மாட்டி ஓட்டும் குட்டி லோடர் வண்டி. எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் ஆட்களுக்கு அது பாப்காட்தான். ஜேசிபி நுழையாத சந்துகளில் பிரேக்கர் மாட்டி கான்கிரீட் உடைக்கிறோம். பிரேக்கருக்கு ஆயில் போகும் குழாயை மாட்டிக் கழற்றும் இணைப்பான கப்ளர் இரண்டும் தேய்ந்து, பூட்டும் குண்டுகள் ஆண் முனையில் பள்ளமே போட்டுவிட்டன. பிரேக்கர் அடிக்கிற அடிக்கு அது வரத்தான் செய்யும்.

ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் ஒருவன் கிடைத்தான். பழைய கப்ளரையும் அது மாட்டியிருந்த அடாப்டரையும் டீசலில் கழுவி, பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஆறு போட்டோ அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் போன். "இதே மெஷினுக்கு வாரம் நாலு செட் அனுப்புறேன் அண்ணா. கேஸ் டிரெயினுக்குச் சின்ன கப்ளரும் வேணுமா, இல்ல பிரேக்கர் மட்டும்தான் ஓட்டுறீங்களா?" என்றான். கேஸ் டிரெயின் என்பது மோட்டார் உள்ள கருவிகளில் உள்ளே கசியும் ஆயில் திரும்பும் சின்ன லைன், பிரேக்கருக்கு வேண்டாம். அங்கேதான் விழுந்தேன். இதைக் கேட்கத் தெரிந்தவன் தொழில்காரன், ஏமாற்ற மாட்டான் என்று நினைத்துவிட்டேன். திரெட், அதாவது மரை, என்ன என்று நான் கேட்காமலும் இல்லை. "அரை இஞ்ச்னா அரை இஞ்ச்தான் அண்ணா, கண்ணை மூடிட்டு மாட்டுங்க" என்றான். மூடிக்கொண்டேன். 18,500 ரூபாயை முழுசாக முன்பணமாகவே போட்டேன்.

வந்த சாமான் பார்க்கப் பளபளவென்று இருந்தது. கையால் மூன்று சுற்று ஏறியது, அப்புறம் பிடித்துக்கொண்டது. எங்கள் மெக்கானிக் தம்பி டெஃப்லான் டேப் சுற்றி ஸ்பேனரில் இறுக்கினான். பிரேக்கரைப் போட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பூம் ஓரமெல்லாம் ஆயில் பனி மாதிரி அடித்தது. பத்து லிட்டர் மண்ணில்.

லேத் பட்டறை அண்ணன் மரை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வண்டியின் அடாப்டரில் இருப்பது என்பிடி என்ற அமெரிக்க மரை: மரையின் கோணம் 60 டிகிரி, முனை நோக்கிக் கூம்பும். வந்த கப்ளர் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் மரை: 55 டிகிரி. அரை இஞ்ச்சில் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 மரை. அதனால் ஏறுகிற மாதிரியே ஏறும், உட்காராது. 200 பார் பக்கத்தில் அழுத்தம் வந்தால் டேப் என்ன செய்யும்?

அதற்கப்புறம் நடந்த கூத்து. முதல் நாள் "மெக்கானிக் தப்பா மாட்டிட்டார்" என்றான். இரண்டாம் நாள் "ஆயில் பட்ட சாமானை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." ஹைட்ராலிக் கப்ளரில் ஆயில் படாமல் பால் ஊற்றியா பார்ப்பது? மூன்றாம் நாள் "ஓனர் ஊரில் இல்லை." தளத்தின் சாட்டில் "48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்று ஐந்து தடவை வந்தது, அச்சு மாறாமல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

மூன்று நாள் வேலையும் போனது. அதை விடுங்கள், 18,500 ரூபாய்!

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், அதற்கெல்லாம் இப்போது பொறுமை இல்லை. பழைய சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் மரையை அளந்துவிட்டு வாங்குங்கள், போட்டோவை நம்பாதீர்கள். திரெட் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே போடாதீர்கள். கழற்றும் முன் இன்ஜினை அணைத்து லைனில் நிற்கும் அழுத்தத்தை இறக்குங்கள். லீக் எங்கே என்று விரலால் தடவாதீர்கள், ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அட்டைப்பெட்டித் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

சைட்டிலிருந்து பார்ட்டி மறுபடியும் கூப்பிடுகிறார்.