டெலிஃபங்கனா, முல்லார்டா? பழைய 12ஏஎக்ஸ்7 வால்வுகளின் ஒலி ஒப்பீடு

ஆம்ப்ளிஃபயரில் ஒலி சிக்னலைப் பெருக்கும் வெற்றிடக் குழல்தான் வால்வு. 1947-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ கம்பெனி வெளியிட்ட 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு ஐரோப்பாவில் இசிசி83 என்று பெயர். பெருக்கக் காரணி 100. அடியில் உள்ள ஊசிகளின் (பின்) அமைப்பும், உள்ளே சூடேற்றும் ஹீட்டரின் மின்னழுத்தமும் ஒன்றே என்பதால், எந்தக் கம்பெனி வால்வையும் கழற்றி மாட்டிக் கேட்கலாம். ஆனால் கேட்கும் முறை சரியில்லை என்றால் தீர்ப்பும் தவறாகிவிடும்.

சத்தம் சற்றுக் கூடினாலே காதுக்கு அது "நல்ல ஒலி"யாகத் தோன்றும். அதனால் முதலில் அளவைச் சமமாக்க வேண்டும். 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து முதல் வால்வுக்கு 1.00 வோல்ட் வரும்படி வால்யூமை நிறுத்துங்கள். அடுத்த வால்வை மாட்டி, 20 நிமிடம் சூடாகவிட்டு, 0.99க்கும் 1.01க்கும் நடுவே கொண்டுவாருங்கள். வித்தியாசம் 0.1 டெசிபெலுக்குள் அடங்கிவிடும். சோதனையை, சிக்னல் முதலில் நுழைந்து பெருகும் முதல் கட்டத்தின் சாக்கெட்டில் செய்யுங்கள். அங்கே வரும் இரைச்சலும் ஹம்மும்தான் அடுத்தடுத்த கட்டங்களில் பெருகி வெளியே வருகின்றன. பின்னால் உள்ள சாக்கெட்டில் வால்வை மாற்றினால் பல நேரம் வேறுபாடே தெரியாது.

சப்தமின்மையில் ஜெர்மனியின் டெலிஃபங்கனுக்கு இணை இல்லை. உல்ம், பெர்லின் ஆலைகளில் செய்த அசல் வால்வின் அடிக் கண்ணாடியில், பின்களுக்கு நடுவே வைர வடிவக் குறி வார்ப்பிலேயே இருக்கும். மேலே வேறு கம்பெனியின் பெயர் அச்சாகியிருந்தாலும் இந்தக் குறி இருந்தால் உள்ளே இருப்பது டெலிஃபங்கன். இதன் ஒலியில் எந்தப் பகுதியும் தூக்கலாக நிற்காது. வயலின் வில் கம்பியைத் தொடும் அந்த முதல் உரசல் தனியாகக் கேட்கும். மழமழப்பான பிளேட் (எலக்ட்ரான்களை ஈர்க்கும் உள் தகடு) கொண்டவை அதிர்வுக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காததால், இசைத்தட்டின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ கட்டத்துக்கு என் முதல் தேர்வு இதுவே. ஏற்கெனவே கூர்மையாக ஒலிக்கும் ஸ்பீக்கரோடு சேர்த்தால் மட்டும் நெடுநேரம் கேட்பது சிரமம்.

அப்படிப்பட்ட ஸ்பீக்கருக்கு மருந்து இங்கிலாந்தின் முல்லார்டு. குரல் ஓரடி முன்னால் வந்து நிற்கும், மேல் சுருதிகளின் முனை மழுங்கும். பாட்டு கேட்பவர்களுக்கு இதைவிட இதமான வால்வு இல்லை. சிம்பல் தட்டு அடங்கும் அந்தக் கடைசி நொடிகள் மட்டும் டெலிஃபங்கனில் கேட்ட நீளத்துக்கு வராது. அச்செழுத்து விரலால் தேய்த்தாலே போய்விடும், நம்ப வேண்டாம். கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மங்கலாகப் பொறித்த குறியீட்டின் இரண்டாம் வரி 'பி' எழுத்தில் தொடங்கினால் அது பிளாக்பர்ன் ஆலை.

ஹாலந்தின் ஹேர்லன் ஆலையில் செய்த ஆம்பெரெக்ஸின் ஆலைக் குறி ஒரு சிறு முக்கோணம். டெலிஃபங்கனுக்கும் முல்லார்டுக்கும் இடைப்பட்ட ஒலி, மேல் பகுதியில் கூடுதல் காற்றோட்டம். ஆர்சிஏவின் நீண்ட கறுப்புப் பிளேட் வால்வு கீழ்-நடு சுருதிகளில் தடித்து, டபுள் பேஸுக்கு உடம்பு கொடுக்கும். ஆனால் நீண்ட பிளேட் எளிதில் அதிரும். பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் 'டிங்' என்று நீண்டு ஒலித்தால் முதல் கட்டத்துக்கு அது ஆகாது.

இந்தக் குணங்கள் எல்லாம் உயிரோடு இருக்கும் வால்வுக்குத்தான் பொருந்தும். தேய்ந்த வால்வு வேறு கதை சொல்லும். சிக்னல் நுழையும் கம்பி வலையான கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே 1.6 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. பெருக்கம் 60 என்றால் அதுவே உள்ளீட்டில் ஏறக்குறைய 100 பிகோஃபாரடாகத் தெரியும். முன்னால் 1 மெகாஓம் வால்யூம் கண்ட்ரோல் இருந்து, அதன் நடுநிலையில் 250 கிலோஓம் தடை நின்றால், 6 கிலோஹெர்ட்ஸ் சுமாரிலேயே 3 டெசிபெல் இறங்கிவிடும். தேய்ந்த வால்வில் பெருக்கம் குறையும், அந்த மின்தேக்கமும் கூடவே குறையும், டிரெபிள் கூடும். அதைக் கேட்டு "இந்தக் கம்பெனி வால்வு பளிச்சென்று இருக்கிறது" என்று முடிவுகட்டுவது பெரிய தவறு. ஒரே கம்பெனியில் குறைந்தது இரண்டு வால்வையாவது கேளுங்கள். 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர், 1.5 கிலோஓம் கேத்தோடு ரெசிஸ்டர், 300 வோல்ட் சப்ளை உள்ள கட்டத்தில் நல்ல வால்வின் கேத்தோடில் (சூடாகி எலக்ட்ரான்களை உமிழும் முனை) 1.5 வோல்ட் அளவில் நிற்கும். மிகக் குறைவாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அளக்கும்போது அதே சேசிஸில் 300 வோல்ட் ஓடுகிறது, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

அபூர்வ வால்வை, முந்தைய கட்டத்தின் பிளேட்டோடு கிரிட் நேரடியாக இணைந்து, கேத்தோடிலிருந்து சிக்னலை வெளியே எடுக்கும் கேத்தோடு ஃபாலோயர் கட்டத்தில் மாட்டாதீர்கள். சுவிட்ச் போட்டதும், கேத்தோடு சூடாகும் முன்பே கிரிட்டில் முழு சப்ளையும் ஏறி உள்ளே பொறி பறக்கும். சூடான பிறகும் கேத்தோடு 150 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே இசிசி83 தாங்குவது 180 வோல்ட்தான்.

கழற்றும்போது அணைத்து, ஆறவிட்டு, நேராக மேலே இழுங்கள். ஆட்டி ஆட்டி எடுத்தால் பின் அடியில் கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகும். உள்ளே வெள்ளி போல் மின்னும் பூச்சு பால்வெள்ளையாக மாறியிருந்தால் அந்த வால்வு செத்துவிட்டது.