பெயர்ச் சுவரா, பெயரில்லாக் கல்லறையா?

போரில் இறந்தவர்களை நினைக்க இரண்டு வழிகள். ஒன்று, எல்லாப் பெயர்களையும் செதுக்குவது. மற்றொன்று, அடையாளம் தெரியாத ஒருவரை எல்லோருக்காகவும் புதைப்பது.

முதல் வகைக்கு வாஷிங்டனில் 1982-இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச்சுவர். மாயா லின் அதை வடிவமைத்தபோது வயது 21, கல்லூரி மாணவி. பளபளப்பான கறுப்புக் கிரானைட்டில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி கிடையாது, மொத்தமாக அகரவரிசையும் கிடையாது. பலியான நாள் வரிசை; ஒரே நாளுக்குள் மட்டும் அகரவரிசை. அதனால் ஒரே சண்டையில் விழுந்தவர்கள் அருகருகே வருகிறார்கள். பெயரைத் தேடி நிற்பவரின் முகமும் அந்தக் கல்லிலேயே தெரியும். சிலர் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். எதிர்ப்பும் இருந்தது: வீரத்தைக் காட்டவில்லை என்றார்கள். 1984-இல் மூன்று வீரர்களின் சிலை பக்கத்தில் வந்தது. எனக்கென்னவோ, சுவருக்கு அந்தத் துணை தேவைப்படவில்லை.

இரண்டாவது வகை, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் 1920 நவம்பர் 11-இல் அடக்கம் செய்யப்பட்ட, பெயர் தெரியாத முதல் உலகப்போர் வீரர். உடலே கிடைக்காத குடும்பங்களுக்கு 'இவர் நம் பிள்ளையாகவும் இருக்கலாம்' என்ற இடம். சுவரால் அதைத் தர முடியாது. ஆனால் எத்தனை பேர் என்பது இங்கே கண்ணில் படாது. அரசு விழாவுக்கு வசதியான இடமும் இதுதான்.

அப்புறம், அமெரிக்காவின் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் 1984-இல் பெயர் தெரியாதவராகப் புதைத்த வியட்நாம் போர் வீரரை 1998-இல் மரபணுச் சோதனை அடையாளம் காட்டிவிட்டது. அந்தக் கல்லறை இன்றும் காலி.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், சரி, நான் சுவர் பக்கம்.